எந்த முடிவுக்கு எந்தச் சிமுலேஷன்: நீரியல் பணிகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஒன்றின் நடத்தையை நேரடியாகச் சோதித்துப் பார்க்க வழியில்லாதபோது, அதே விதிகளுக்குக் கட்டுப்படும் வேறொன்றை அமைத்து இயக்கி, அங்கே கிடைக்கும் விடையை உண்மையான பொருளுக்குப் பொருத்திக்கொள்வதையே சிமுலேஷன் என்கிறோம். அந்த வேறொன்று தொட்டியில் ஓடும் தண்ணீராக இருக்கலாம், மின்சுற்றாக இருக்கலாம், கணினி தீர்க்கும் சமன்பாடுகளாகவும் இருக்கலாம். விமானிகளின் பயிற்சி முதல் வானிலைக் கணிப்பு வரை இதன் பயன்கள் பரந்தவை. இருந்தாலும் சிமுலேஷனின் தேவையும் அதன் வரம்பும் ஒருசேரத் துலங்கும் துறை நீரியல்தான் என்பது என் எண்ணம். ஓர் ஏரியின் கலிங்கு, அதாவது உபரிநீர் வழிந்தோடும் அமைப்பு, போதுமான நீளம் உடையதா என்ற கேள்விக்கு, கட்டி முடித்த பிறகு வரும் முதல் பெருவெள்ளம் விடை சொல்லும். ஆனால் அந்த விடை வரும்போது கரை உடைந்திருக்கும், கீழே உள்ள ஊர் மூழ்கியிருக்கும். ஆகவே வெள்ளம் வருவதற்கு முன்பே வெள்ளத்தை ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.

அதை ஓட்டிப் பார்க்கப் பல வழிகள் உள்ளன: காகிதக் கணக்கு, சிற்றுருவ மாதிரி, கணினி மாதிரி, முன்பே ஓட்டிச் சேமித்த கணிப்புகளின் தொகுப்பு, சில அரிய சூழல்களில் ஆற்றிலேயே நடத்தும் முழு அளவுச் சோதனை. ஒரு வடிகாலையோ தடுப்பணையையோ கடலரிப்புத் தடுப்புச் சுவரையோ முடிவுசெய்யும் பொறுப்பில் உள்ள உள்ளாட்சியினரும், அதற்கான திட்ட அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்க விரும்பும் ஊர்மக்களும் இவற்றில் எதை எப்போது நம்பலாம் என்று அறிந்திருப்பது நல்லது. செலவையும் காலத்தையும் வைத்து இவற்றை ஒப்பிடுவதே வழக்கம். நான் வேறோர் அளவுகோலை முன்வைக்கிறேன். எடுக்கப்போகும் முடிவில் நமக்குத் தெரியாதது எது? நீரின் அளவு தெரியவில்லையா, அது போகும் பாதை தெரியவில்லையா, அல்லது நீர் மண்ணோடும் காற்றோடும் கல்லோடும் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்ற விதியே தெரியவில்லையா? இந்த மூன்றுக்கும் ஒரே கருவி பொருந்தாது.

காகிதக் கணக்கிலிருந்து தொடங்குவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்துப் பொறியாளர்களிடமிருந்து வந்த எளிய முறை ஒன்று இன்றும் நகர வடிகால்களுக்குப் பயன்படுகிறது: மழையின் செறிவையும் நீர்ப்பிடிப்புப் பரப்பையும் பெருக்கி, மழைநீரில் எவ்வளவு பங்கு மண்ணில் இறங்காமல் வழிந்தோடும் என்ற விகிதத்தாலும் பெருக்கினால் உச்ச நீர்வரத்து கிடைக்கும். 2 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு குடியிருப்புப் பகுதியில் ஒரு மணி நேரத்துக்கு 6 செ.மீ. என்ற வேகத்தில் மழை பெய்து, அதில் 80 விழுக்காடு வழிந்தோடுவதாகக் கொண்டால், வடிகாலின் முனையில் விநாடிக்குச் சுமார் 27 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 940 கனஅடி நீர் வந்து சேரும். அந்த இடத்தில் 300 கனஅடி கொள்ளும் கால்வாயை யாராவது முன்மொழிந்தால், அதை மறுக்கக் கணினி தேவையில்லை. பின்னால் வரும் எந்தச் சிமுலேஷனின் விடையும் இந்தக் கணக்கிலிருந்து பல மடங்கு விலகியிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தச் சிமுலேஷனைத்தான்.

காகிதக் கணக்கு என்றால் எளிய கணக்கு மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. நெதர்லாந்தில் சாய்டர் சே என்ற கடல்வாயை நீண்ட அணையால் மூடத் திட்டமிட்டபோது, மூடிய பின் வெளிப்புறக் கடற்கரையில் ஓதமும் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) புயல் அலையேற்றமும் எவ்வளவு உயரும் என்ற கேள்வி எழுந்தது. 1918இல் அதற்கென அமைக்கப்பட்ட குழுவுக்கு நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஹெண்ட்ரிக் லோரன்ஸ் தலைமை ஏற்றார். கடல்வாயையும் தீவுகளுக்கு இடையிலான நீர்வழிகளையும் ஒரு வாய்க்கால் வலைப்பின்னலாகச் சுருக்கி, உராய்வு விதியைக் கையால் தீர்க்கக்கூடிய வடிவத்துக்கு எளிமையாக்கி, ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஓதத்தைக் கணக்கிட்டு, 1926இல் அக்குழு அறிக்கை தந்தது. 1932இல் அணை மூடப்பட்ட பிறகு ஓதம் கணிசமாக உயர்ந்தது. குழுவின் கணிப்பும் அதையே சொல்லியிருந்தது. கணினியே இல்லாத காலத்தில் சமன்பாடுகளைக் கொண்டு நடத்தப்பட்ட முழுமையான சிமுலேஷன் இது. அதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின. அத்தனை பொறுமையும் அப்படியொரு தலைமையும் எல்லாத் திட்டத்துக்கும் வாய்ப்பதில்லை.

அடுத்தது சிற்றுருவ மாதிரி. அணையையோ ஆற்றின் ஒரு பகுதியையோ சிறிதாகக் கட்டி, அதில் தண்ணீரை விட்டு அளந்து பார்ப்பது. சிறிதாக்கினால் நீர் அதேபோல நடந்துகொள்ளுமா என்ற ஐயம் இயல்பானது. ஈர்ப்புவிசையே ஓட்டத்தை ஆளும் இடங்களில், வேகத்தையும் காலத்தையும் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைத்தால் ஒப்புமை கெடாது என்ற விதியை, கப்பல்களின் சிறு மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃப்ரூட் 1870களில் நிலைநாட்டினார். இதன்படி 1:50 அளவில் ஒரு கலிங்கைக் கட்டினால், வேகம் ஏறத்தாழ 7இல் ஒரு பங்காகும். ஒரு மணி நேர வெள்ளம் எட்டரை நிமிடத்தில் முடியும். நீரின் அளவோ 17,700இல் ஒரு பங்காகக் குறையும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட உச்ச அளவான விநாடிக்கு 29,000 கனஅடியை இப்படி ஓட்ட விநாடிக்கு 46 லிட்டர் போதும். நான்கைந்து பம்புசெட்டுகள் கொடுக்கும் நீர்தான் அது. அந்தச் சிறு ஓட்டத்தில், கதவுகளுக்கு இடையிலுள்ள தூணின் முனையில் நீர் எப்படிச் சுழல்கிறது, ஓரக் கதவை மட்டும் திறந்தால் எந்தக் கரையில் மோதுகிறது, தாழ்தளத்தில் விழுந்த நீர் எவ்வளவு தூரம் கொந்தளித்துவிட்டு அடங்குகிறது என்பவற்றைக் கண்ணால் காணலாம், குச்சி வைத்து அளக்கலாம், பிடிக்கவில்லையென்றால் தூணின் முனையை இடித்துவிட்டு வேறு வடிவில் பூசி மறுநாள் மீண்டும் ஓட்டலாம். புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் 1916 முதலும், திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியில் உள்ள நீரியல் ஆய்வு நிறுவனம் 1944 முதலும் இத்தகைய பணிக்காகவே இயங்கி வருகின்றன.

ஒரு பெரிய திட்டத்தைக் கைவிடச் செய்ததும் சிற்றுருவ மாதிரியின் சாதனைகளில் ஒன்று. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் குறுக்கே இரண்டு அணைகளைக் கட்டி, உள்ளே நன்னீர் ஏரிகளை உருவாக்கலாம் என்று ஜான் ரீபர் என்பவர் முன்வைத்த திட்டத்துக்கு 1940களில் பெரும் ஆதரவு இருந்தது. அதைச் சோதிப்பதற்காக அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை சாசலிட்டோ ஊரில் ஒரு கிடங்கினுள் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கரில் முழு வளைகுடாவையும் கான்கிரீட்டில் வார்த்தது. 1957இல் அது இயங்கத் தொடங்கியது. கிடைமட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கும் செங்குத்தில் நூறில் ஒரு பங்குமாக அமைந்த அந்த மாதிரியில், 24 மணி 50 நிமிடம் நீளும் ஓர் ஓத நாள் 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வளைகுடாவின் தரையிலுள்ள சொரசொரப்பைக் கொண்டுவருவதற்காகச் சுமார் 2,50,000 செம்புப் பட்டைகளைத் தரையில் பதித்து, உண்மையான வளைகுடாவில் அளந்த ஓத உயரங்களோடு மாதிரியின் உயரங்கள் ஒத்துவரும் வரை அவற்றைத் திருத்தினார்கள். அதன் பிறகு ரீபரின் அணைகளை வைத்து ஓட்டியபோது, திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது என்பது தெரியவந்தது. அணைகள் கட்டப்படவில்லை. சிமுலேஷனுக்குச் செய்த செலவு முழுவதையும் அந்த ஒரு முடிவே ஈடுசெய்துவிட்டது என்பேன்.

ஆனால் அந்தச் செம்புப் பட்டைகளே இம்முறையின் பலவீனத்தையும் காட்டுகின்றன. நீளத்தையும் ஆழத்தையும் வெவ்வேறு அளவில் குறைத்தால் கரைச்சரிவுகள் பத்து மடங்கு செங்குத்தாகிவிடும்; உராய்வு இயல்பாக ஒத்துவராது; அதைச் செயற்கையாகக் கூட்டியாக வேண்டும். சிறிதாக்கவே முடியாத பொருள்களும் உண்டு. அரை மில்லிமீட்டர் ஆற்றுமணலை 1:50இல் குறைத்தால் அது மணலாக இராது, ஒன்றோடொன்று ஒட்டும் நுண்வண்டலாகிவிடும். அதனால்தான் அரிப்பை ஆராயும் மாதிரிகளில் நிலக்கரித் தூள் போன்ற எடை குறைந்த துகள்களைப் பரப்புகிறார்கள். காற்றுக் குமிழியும் அப்படியே. அணையிலிருந்து விழும் நீரில் உண்டாகும் குமிழியும் மாதிரியில் உண்டாகும் குமிழியும் ஏறத்தாழ ஒரே பருமன் உடையவை என்பதால், நீரில் காற்று கலக்கும் அளவை மாதிரி எப்போதும் குறைத்தே காட்டும். இந்தத் திருத்தங்களைத் தெரிந்தவர் கையில் இருக்கும்வரைதான் சிற்றுருவ மாதிரி நம்பத்தக்கது.

பராமரிப்பும் ஒரு சுமை. மிசிசிப்பி ஆற்றுப்படுகை முழுவதையும் 1:2000 கிடைமட்ட அளவில் 200 ஏக்கரில் வார்க்கும் பணி, இரண்டாம் உலகப்போர்க் கைதிகளின் உழைப்போடு 1943இல் தொடங்கியது. காடுகளுக்குப் பதில் மடித்த கம்பிவலையை நட்டு, சொரசொரப்புக்குக் கான்கிரீட்டைக் கீறி அமைத்த அந்த மாதிரி, 1952 ஏப்ரலில் மிசௌரி ஆற்றில் வெள்ளம் வந்தபோது இரவு பகலாக ஓட்டப்பட்டது. ஒமாகா, கவுன்சில் பிளஃப்ஸ் நகரங்களின் கரைகளை எங்கே உயர்த்த வேண்டும் என்பதைக் காட்டி அது பெரும் இழப்பைத் தவிர்த்தது. அப்படிப்பட்ட மாதிரியும் கணினிகள் வளர வளரப் பயனிழந்து, பிறகு கைவிடப்பட்டு, இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. ஒரு நாட்டின் ஆற்றுப்படுகை முழுவதையும் கான்கிரீட்டில் கட்டிக் காப்பாற்றும் காலம் முடிந்துவிட்டது. ஒரு கலிங்கையோ ஒரு பாலத்தூணையோ கட்டிப் பார்க்கும் காலம் முடியவில்லை. இந்த வேறுபாடு முக்கியமானது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 2015இல் திறக்கப்பட்ட அலைத்தொட்டி 300 மீட்டர் நீளமும் 9.5 மீட்டர் ஆழமும் கொண்டது. அதனுள் நாலரை மீட்டர் உயர அலைகளை எழுப்பலாம். கணினியில் தேர்ந்த ஒரு நாடு இந்தக் காலத்திலும் இவ்வளவு பெரிய தொட்டியைக் கட்டியதற்குக் காரணம், புல் வளர்ந்த களிமண் கரையை அலை எப்படிப் பிய்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சமன்பாடு இல்லாததும், அந்தப் புல்லையும் களிமண்ணையும் சிறிதாக்க முடியாததும்தான்.

இடையில் மின்சுற்று வழியும் ஒன்று இருந்தது. 1953இன் புயல்வெள்ளத்தில் 1,800க்கும் மேற்பட்டோரை இழந்த நெதர்லாந்து, கழிமுகங்களை அடைக்கும் பெரும்பணியில் இறங்கியபோது, நீரோட்டத்துக்கு மின்னோட்டத்தையும் நீர்மட்டத்துக்கு மின்னழுத்தத்தையும் ஒப்பாகக் கொண்ட டெல்டார் என்ற இயந்திரத்தை அமைத்து 1960 முதல் 1984 வரை பயன்படுத்தியது. இன்று அதைத் தேர்வாகக் கருத வேண்டியதில்லை. கணினி அந்த இடத்தை முழுமையாக எடுத்துக்கொண்டது.

அந்தக் கணினி மாதிரிதான் இன்று பெரும்பாலான திட்ட அறிக்கைகளின் அடிப்படை. நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் அளவும் உந்தமும் காக்கப்படும் வகையில், பிரெஞ்சுப் பொறியாளர் செயின்ட் வெனான்ட் 1871இல் எழுதிய சமன்பாடுகளைச் சிறு சிறு நேர அடிகளில் தீர்த்துக்கொண்டு போவதுதான் அதன் செயல்முறை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை ஆறுகளுக்காக 1995 முதல் வெளியிட்டு வரும் எச்.ஈ.சி.-ராஸ் என்ற மென்பொருள், நகர வடிகால்களுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1971இல் வெளியிட்டு இன்றுவரை புதுப்பித்து வரும் எஸ்.டபிள்யூ.எம்.எம். ஆகிய இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு நல்ல மடிக்கணினியும் பயிற்சியும் இருந்தால் நகராட்சிப் பொறியாளரே ஓட்டலாம். சிற்றுருவ மாதிரியில் எண்ணிப் பார்க்கவும் முடியாத ஒன்று இங்கே எளிது: ஒரே திட்டத்தை நூறு விதமான மழைக்கும் ஓதத்துக்கும் கதவுத் திறப்புக்கும் ஓட்டி, எதில் எந்தத் தெரு மூழ்குகிறது என்று பட்டியலிடலாம். நீரின் பாதை எது என்பது நம் கேள்வியானால் இதற்கு நிகரான வழி வேறில்லை.

இந்த எளிமையே இதில் மிகுந்த கவனத்தைக் கோருகிறது. ஒரே ஓர் எண்ணை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். ஓடுபாதையின் உராய்வைக் குறிக்க மேனிங் எண் என்ற ஒன்றை மாதிரிக்குக் கொடுக்க வேண்டும். பூசிய கான்கிரீட் கால்வாய்க்கு அது 0.013 அளவிலும், தூய்மையான மண் ஆற்றுக்கு 0.03 அளவிலும், செடிகொடி அடர்ந்த ஓடைக்கு அதைவிடப் பல மடங்கு கூடுதலாகவும் இருக்கும். அகலமான கால்வாயில் அதே சரிவில் அதே அளவு நீர் ஓடும்போது, ஆழம் இந்த எண்ணின் 0.6 அடுக்குக்கு ஏற்ப மாறும். ஆகவே 0.03 என்று கொடுத்து 2 மீட்டர் ஆழம் என விடை கண்ட கால்வாயில், ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலமும் மண்டி உண்மையில் எண் 0.06ஆக இருந்தால் ஆழம் 3 மீட்டரைத் தாண்டிவிடும். மழையும் நீர்வரத்தும் அப்படியே இருக்க, ஒரு செடியால் ஒரு மீட்டர் வேறுபாடு. இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கரை கட்டத் திட்டமிட்டிருந்தால், ஊர் மூழ்காது என்ற அறிக்கையும் மூழ்கும் என்ற அறிக்கையும் இந்த ஓர் எண்ணைத் தேர்ந்தவரின் கையில்தான் இருந்திருக்கும். அந்த எண்ணைத் தூர்வாரிய மறுநாள் நிலைக்குக் கொடுப்பதா, மூன்று ஆண்டு தூர்வாராத நிலைக்குக் கொடுப்பதா என்பதை மென்பொருள் தீர்மானிக்காது. அந்த நகராட்சி உண்மையில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தூர்வாருகிறது என்ற நேர்மையான விடைதான் தீர்மானிக்க வேண்டும்.

நில உயரமும் இப்படிப்பட்டதே. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த உயரத் தரவு இலவசமாகக் கிடைப்பதால் பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது வெறுந்தரையைத் தனியே காணாமல், கூரையையும் மரத்தின் உச்சியையும் சேர்த்தே கண்ட அளவீடு. அதன் பிழை சில மீட்டர்கள் வரை போகும். மலைப்பகுதி ஆற்றுக்கு அது ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தக்கது. வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான சமதளத்தில், தெருவுக்குத் தெரு உள்ள வேறுபாடே அந்தப் பிழையைவிடச் சிறியது. வானூர்தியிலிருந்து லேசர் கொண்டு அளந்த தரவோ களத்தில் எடுத்த மட்ட அளவையோ இல்லாமல் அத்தகைய பகுதிக்கு வரையும் வெள்ள வரைபடத்தை நான் முடிவுக்கு உரியதாக ஏற்க மாட்டேன். கட்டத்தை மேலும் நுணுக்கினால் துல்லியம் கூடும் என்று சொல்வார்கள். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும், நேர அடியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். தரவு துல்லியமாக இல்லாதபோது அந்த எட்டு மடங்கு உழைப்பும் பிழையான தரையின்மேல் நீரை நுணுக்கமாக ஓட்டுவதற்கே செலவாகிறது.

இன்னொரு குறை, பெரும்பாலான வெள்ள மாதிரிகளில் ஆற்றின் தரை அசையாதது. அடையாற்றின் முகத்துவாரத்தில் படியும் மணல்திட்டு, வெள்ளம் வரும்போது அரிக்கப்பட்டுப் போவதும் போகாமல் நின்று நீரைத் தடுப்பதும் நகரின் உட்பகுதியில் நீர்மட்டத்தை மாற்றக்கூடியவை. அசையாத தரையைக் கொண்ட மாதிரி, திட்டை முழுதாக வைத்தும் முழுதாக எடுத்தும் இரண்டு விடைகளைத் தரலாம். எப்போது, எவ்வளவு வேகத்தில் அது அரிக்கும் என்று சொல்லாது. மணல் நகர்வையும் சேர்த்துக் கணக்கிடும் மென்பொருள்கள் உள்ளன என்றாலும், அவற்றின் அரிப்புச் சூத்திரங்கள் சோதனைத் தொட்டிகளிலும் சில ஆறுகளிலும் அளந்து பெற்ற பொருத்தங்களே. இடத்துக்கு இடம் மாறுபடுபவை.

இந்தக் குறைகளுக்குப் பரிகாரம் ஒன்றுதான்: மாதிரியை உண்மையான வெள்ளத்தோடு ஒத்திட்டுப் பார்ப்பது. அதையும் ஒரு வெள்ளத்தோடு நிறுத்தக் கூடாது. 2015 வெள்ளத்தின் தடங்களைக் கொண்டு உராய்வு எண்களைத் திருத்தியவர், பிறகு அவற்றைத் தொடாமல் வைத்துக்கொண்டு 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் மழையை ஓட்டி, இடையில் மாறிய கட்டடங்களையும் கால்வாய்களையும் மட்டும் சேர்த்து, சுவர்களில் பதிந்த நீர்க்கோடுகளோடு ஒப்பிட வேண்டும். முதல் ஒப்பீட்டில் பொருந்துவது இயல்பு, ஏனெனில் பொருந்தும்வரை திருத்தியிருக்கிறோம். இரண்டாவதில் பொருந்தினால்தான் மாதிரி எதையோ கற்றிருக்கிறது என்று பொருள்.

நான்காவது வழி, நேரம் இல்லாத முடிவுகளுக்கு உரியது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டதற்கும் தமிழகக் கரையை ஆழிப்பேரலை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்தமான், நிக்கோபாருக்கோ அந்த அவகாசமும் இல்லை. நடுக்கம் வந்த பிறகு கடல் முழுவதையும் கணினியில் ஓட்டத் தொடங்கினால் முடிவெடுக்கும் நேரம் கரைந்துவிடும். ஆகவே ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம், நடுக்கம் எங்கெல்லாம் எந்த அளவில் வரக்கூடும் என்று வகுத்து, அவற்றுக்கான சிமுலேஷன்களை முன்னதாகவே ஓட்டிச் சேமித்து வைத்திருக்கிறது; நடுக்கம் பதிவானவுடன் அதற்கு நெருங்கிய ஒன்றை எடுத்து, எந்தக் கரைக்கு எப்போது எவ்வளவு உயர அலை வரும் என்று அறிவிக்கலாம், பிறகு கடல்மட்ட அளவிகளைக் கொண்டு திருத்தலாம். சென்னைக்காக ஐ.ஐ.டி. பம்பாய், ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் உருவாக்கி, 2019 முதல் தேசியக் கடலோர ஆய்வு மையத்தின் பொறுப்பில் உள்ள வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பும் இதே கருத்தைப் பின்பற்றுவதே. இந்த வழியின் வலு அதன் விரைவு. அதன் எல்லை, முன்பு எண்ணிப் பார்த்த நிகழ்வுகள் மட்டுமே தொகுப்பில் இருக்கும் என்பது. ஏரி திறப்பு, ஓதம், மழை ஆகிய மூன்றும் சேரும் சேர்க்கைகளில் ஒன்று விடுபட்டாலும் அந்த இரவில் அதற்கு விடை இராது. புதிய சாலை மேடோ புதிய கால்வாயோ வந்த பிறகு தொகுப்பை மீண்டும் ஓட்டாவிட்டால் அது பழைய ஊருக்கான எச்சரிக்கையாகிவிடும்.

கடைசி வழி, ஆற்றிலேயே சோதிப்பது. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணை கட்டப்பட்ட பின் கீழே உள்ள கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கின் மணற்கரைகள் தேய்ந்துகொண்டே வந்தன. வெள்ளம்போல நீரைத் திறந்துவிட்டால் ஆற்றடியில் கிடக்கும் மணல் கிளம்பிக் கரையில் படியும் என்ற எதிர்பார்ப்போடு, 1996 மார்ச் இறுதியில் ஏழு நாட்களுக்கு விநாடிக்கு 45,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது. மணற்கரைகள் உயர்ந்தன. ஆனால் அந்த மணலில் பெரும்பகுதி ஆற்றின் நடுப்படுகையிலிருந்து வராமல், கரையோரச் சுழிகளின் அடியில் முன்பே இருந்த திட்டுகளிலிருந்தே வந்தது என்று அளவீடுகள் காட்டின. எனவே துணையாறு புதுமணல் கொண்டுவந்த பிறகே திறக்க வேண்டும் என்று கற்று, 2004 நவம்பரில் அப்படியே செய்தார்கள். எந்தச் சமன்பாடும் எந்தத் தொட்டியும் தந்திராத அறிவு இது. இருப்பினும் கீழே ஊர்களற்ற ஒரு பள்ளத்தாக்கும், நீரை விரும்பிய அளவில் திறக்கும் அணையும் இருந்ததாலேயே இது இயன்றது. கூவத்திலும் அடையாற்றிலும் இதை யாரும் நினைக்கக்கூடக் கூடாது.

ஆக, முடிவு எதைச் சார்ந்தது என்பதைப் பொறுத்துத் தேர்வு அமைய வேண்டும். கால்வாயின் கொள்ளளவு போதுமா என்ற கேள்விக்குக் காகிதக் கணக்கு பெரும்பாலும் போதும். எந்தத் தெரு மூழ்கும், எந்தக் கதவை எப்போது திறப்பது என்ற கேள்விகளுக்குக் கணினி மாதிரி. நூற்றுக்கணக்கானோர் வாழும் கரைக்கு மேலே உள்ள கலிங்கின் அடியில் அரிப்பு எவ்வளவு ஆழம் போகும், கடற்சுவரின் கற்கள் புயல் அலையில் நிற்குமா என்ற கேள்விகளுக்கு இன்றும் சிற்றுருவ மாதிரியையே நான் பரிந்துரைப்பேன். அந்த இடங்களில் கணினியின் விடையைச் சோதிக்க வேறு சான்று நம்மிடம் இல்லை. செலவு மிகுமே என்பார்கள். முழு ஏரியையும் கட்ட வேண்டாம். முழு ஆற்றுக்கும் கணினி மாதிரி ஓட்டி, அதிலிருந்து கலிங்குக்கு வரும் நீரளவையும் கீழ்நீர் மட்டத்தையும் எடுத்து, கலிங்கையும் அதன் அடியையும் மட்டும் பூண்டி போன்ற இடத்தில் கட்டிப் பார்த்தால் போதும். இரண்டையும் இப்படிச் சேர்த்துச் செய்வது இன்று பெரிய ஆய்வு நிலையங்களின் நடைமுறையும் ஆகும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன்னே செய்ய வேண்டிய ஒரு செலவு உண்டு. நம் ஊர்களில் மிக எளிதாக வெட்டப்படும் செலவும் அதுதான்: அளவீடு. மழைமானி, மதகடியிலும் பாலத்தடியிலும் நீர்மட்டக் கோல், வெள்ளம் வடிந்தவுடன் சுவர்களில் நீர்க்கோட்டைக் குறித்து வைப்பது ஆகியவற்றுக்கு ஆகும் தொகை, மென்பொருள் பணிக்கும் ஆலோசகருக்கும் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட மிகச் சிறியது. இவை இல்லாமல் செய்யும் சிமுலேஷனைச் சரியென்றோ தவறென்றோ காட்ட யாராலும் இயலாது. ஒரு நடுத்தர ஏரியின் உபரிநீர்ப் பாதையைச் சீரமைக்கும் திட்டம் என் முன் வந்தால், முதலில் காகிதக் கணக்கால் உச்ச நீர்வரத்தின் அளவை உறுதிசெய்துகொள்வேன். இரண்டு வடகிழக்குப் பருவமழைகளின் அளவீடு கையில் வரும்வரை கணினி மாதிரியை வரைவு என்றே குறிப்பிடச் சொல்வேன். அறிக்கையில் ஒற்றை நீர்மட்டக் கோட்டை ஏற்காமல், தூர்வாரிய நிலைக்கும் தூர்வாராத நிலைக்கும் தனித்தனி மேனிங் எண்ணோடு இரண்டு கோடுகளைக் கேட்பேன். கரையின் உயரத்தை மேலே உள்ள கோட்டுக்கே நிர்ணயிப்பேன். ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே, மாதிரியின் உள்ளீட்டுக் கோப்புகள் அனைத்தும் நகராட்சிக்குச் சொந்தம் என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். அவை ஆலோசகரிடமே தங்கிவிட்டால், அடுத்த வெள்ளத்தின் நீர்க்கோடுகளோடு ஒப்பிட்டுத் திருத்துவதற்கு ஊரின் கையில் வண்ணப்படம் அச்சிட்ட காகிதம் மட்டுமே மிஞ்சும்.